லாரிக்கு வழிகாட்டி வாங்குமுன்

நமது கூட்டுறவுச் சங்கங்களில் சில, சொந்தமாக லாரி வைத்து அங்கத்தினர்களின் சரக்கைத் தாமே வெளி மாநிலங்களுக்கு அனுப்பும் நிலைக்கு வந்துள்ளன. ஒரு நடையில் தறியிலிருந்து இறங்கிய போர்வையும் துண்டும் செல்கின்றன. மறு நடையில் களத்திலிருந்து வந்த மஞ்சள் செல்கிறது. தரகரையும் வாடகை லாரியையும் எதிர்பார்த்துக் காத்திருந்த சங்கங்கள் இந்நிலையை எய்தியது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் வண்டியை வாங்கி, ஓட்டுநரை நியமித்து, இன்ஷூரன்ஸ் கட்டியதோடு கடமை முடிந்ததென நிர்வாகக் குழுவினர் எண்ணிவிடுகின்றனர். ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மொழி தெரியாத ஊர்களினூடே செல்லும் ஓட்டுநருக்கு வழி சொல்வது யார் என்னும் கேள்வி எழுவதேயில்லை.

எழும்போதும் அது வேறு வடிவத்தில் எழுகிறது. ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுகையில், 'சங்க லாரிக்கு ஜி. பி. எஸ். கருவி வாங்குவது பற்றி' என்னும் பொருளை அண்மைக் காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டிருக்கும். அவற்றுள் குறைந்தது ஏற்கப்பட்டிருக்கும். பற்றுச்சீட்டு முறையாக ஒட்டப்பட்டிருக்கும். விதிப்படி குறை சொல்ல இடமிராது. ஆயினும், வாங்கிய பொருள் யாருக்கு, எதற்குப் பயன்படும் என்று ஒருவரேனும் கேட்டதற்கு அப்புத்தகத்தில் அடையாளம் இராது.

நான் வற்புறுத்த விரும்புவது இதுவே: லாரிக்கு வழிகாட்டிக் கருவி வாங்கும் சங்கம், விலையைக் கேட்பதற்கு முன் ஓட்டுநரைக் கேட்டல் வேண்டும். இவ்வுண்மையை நான் உணர்ந்தது என் பிழை ஒன்றினால். ஆகையால் அதனை முதலில் கூறிவிடுவதே முறையாகும்.

ஒரு கோப்பின் கதை

கொங்கு நாட்டுச் சங்கம் ஒன்றின் பத்துச் சக்கர லாரி, ஒரு மழைக்காலத்தில் போர்வைச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு நாகபுரிக்குப் புறப்பட்டது. ஐதராபாத்தைக் கடந்து வெகுதூரம் சென்றபின், முன்னே நேர்ந்த விபத்தினால் நெடுஞ்சாலையில் வண்டிகள் நின்றுவிட்டன. ஓட்டுநர் தம் கைப்பேசியில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். அது ஒரு கிராமச் சாலையைக் காட்டி, நாற்பது நிமிடம் மிச்சமாகும் என்று கூறியது. அவர் அவ்வழியே திரும்பினார். இரவு நேரம். சாலை குறுகிக்கொண்டே சென்று, ரயில் பாதைக்கு அடியில் செல்லும் தாழ்ந்த பாலத்தில் முடிந்தது. பாலத்திற்கு முன்னே உயரத் தடுப்புக் கம்பி நின்றது. சிப்பங்களோ கம்பிக்கு மேலே நின்றன.

வண்டியைத் திருப்ப இடமில்லை. கிளீனர் பின்னே நடந்து கைவிளக்குக் காட்ட, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரம் ஓட்டுநர் பின்னோக்கியே வண்டியைச் செலுத்தினார். வழியில் மரக்கிளையொன்று தார்ப்பாயைக் கிழித்தது. மழைநீர் புகுந்து நான்கு சிப்பங்கள் நனைந்து கறைபட்டன. நாகபுரி வியாபாரி அவற்றை ஏற்க மறுத்தார்.

இழப்பை மாதத் தவணைகளாக ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிப்பதென நிர்வாகக் குழு தீர்மானித்தது. அவ்வாண்டு ஆய்வுக்குச் சென்ற நான் கோப்பைப் படித்தேன். 'குறிப்பிட்ட வழியினின்று விலகியதால் நேர்ந்த இழப்பு. வசூல் நடவடிக்கை முறையானதே' என எழுதிக் கையொப்பமிட்டேன். ஓட்டுநரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'குறிப்பிட்ட வழி' என்று ஒன்றை யாரேனும் அவருக்குக் குறிப்பிட்டிருந்தனரா என்பதையும் பார்க்கவில்லை. உண்மையில் அப்படி ஒன்று எழுத்திலும் இல்லை, வாய்ச்சொல்லிலும் இல்லை. 'போன் இருக்கிறதே, பார்த்துப் போய்க்கொள்' என்பதே சங்கம் அவருக்குக் கொடுத்திருந்த வழிகாட்டல்.

1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் முதற்கொண்டே, பணியாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கேயன்றிப் பிறவற்றுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாகாது என்பதும், அவருக்கு விளக்கம் கூற வாய்ப்பளித்த பின்னரே அதனையும் செய்யலாம் என்பதும் நியதியாக இருந்து வருகின்றன. இதனைப் படித்துத் தேறிய நானே, அன்று அதனை நினைக்கவில்லை.

மறு ஆண்டு அச்சங்கத்திற்குச் சென்றபோது, செயலாளர் தம் மேசைமீதிருந்த கணினித் திரையைப் பெருமையுடன் காட்டினார். 'இனிமேல் அந்தத் தொல்லை இல்லை, ஜி. பி. எஸ். மாட்டிவிட்டோம்' என்றார். திரையில் கர்நூலுக்கு அருகே ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. அதுவே சங்கத்தின் லாரி. இரண்டு நாட்களுக்குப் பின் வண்டி வந்து சேர்ந்தது. ஓட்டுநரைக் கண்டு, 'இப்போது வழி பற்றிய கவலை தீர்ந்திருக்குமே?' என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிச் சொன்னார்: 'வண்டி எங்கே நிக்குதுன்னு ஆபீசுக்குத் தெரியுதுங்க. எந்த வழியாப் போகோணும்னு எனக்குத்தானுங்க தெரியறதில்லை.'

ஒரு பெயர், இரு பொருள்கள்

கடைத்தெருவில் ஜி. பி. எஸ். என்ற ஒரே பெயரால் இரு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, வண்டியின் இருப்பிடத்தை அலுவலகத்துக்கு அறிவிக்கும் கண்காணிப்புக் கருவி. சிறிய பெட்டி, உள்ளே ஒரு சிம் அட்டை, ஓட்டுநர் பார்ப்பதற்குத் திரை கிடையாது. பேருந்து முதலிய பயணி வாகனங்களுக்கென 2016 நவம்பரில் விதி வெளியாகி, 2019 ஜனவரி 1 முதல் புதிய வாகனங்களில் நடைமுறைக்கு வந்த ஏ. ஐ. எஸ். 140 தரத்துக் கருவியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதில் ஆபத்து வேளையில் அழுத்தும் பொத்தானும் சேர்ந்திருக்கும். மற்றொன்று, ஓட்டுநரின் முன்னே திரையில் வரைபடம் காட்டி, 'அடுத்த சந்திப்பில் இடப்புறம் திரும்புக' என்று குரல் கொடுக்கும் வழிகாட்டிக் கருவி.

முதலாவது முதலாளிக்குக் கண்; இரண்டாவது ஓட்டுநருக்குத் துணை. முதலாவது தேவையற்றது என்று நான் கூறவில்லை. சரக்கு எங்கே இருக்கிறதென்று கேட்கும் வியாபாரிக்கு விடை சொல்லவும், களவு நேராமல் காக்கவும், டீசல் கணக்கைச் சரிபார்க்கவும் அது பயன்படும். ஆனால் அதனை வாங்கிவிட்டு ஓட்டுநருக்கு வழிகாட்டி வாங்கிக் கொடுத்துவிட்டதாக நினைப்பது, நோயாளியின் காய்ச்சலை அளந்துவிட்டு மருந்து கொடுத்துவிட்டதாக நினைப்பதை ஒக்கும். மேற்கூறிய சங்கம் செய்தது அதுவே. விலைப்புள்ளி கேட்ட கடிதத்தில் 'ஜி. பி. எஸ். கருவி ஒன்று' என்றுமட்டும் இருந்தது. மூன்று வியாபாரிகளும் கண்காணிப்புக் கருவிக்கே விலை கொடுத்திருந்தனர். அவர்கள்மீது குற்றமில்லை.

வானம் சொல்வதும் சொல்லாததும்

வழிகாட்டிக் கருவியைத் தேர்ந்தெடுக்குமுன், அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம். அமெரிக்க அரசு 1978 முதல் விண்ணில் ஏவத் தொடங்கிய துணைக்கோள்களின் கூட்டமே ஜி. பி. எஸ். ஆகும். பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அவை ஒவ்வொன்றும், தன் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாது ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் அறிவிப்பைக் கேட்ட கருவி, தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. இராணுவத்தின் பொருட்டு ஏற்பட்ட இவ்வமைப்பில், பொதுமக்களுக்குக் கிடைக்கும் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தனர். 2000 மே மாதத் தொடக்கத்தில் அத்தடை நீக்கப்பட்ட பின்னரே, எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று அறியும் அளவுக்கு அது சாதாரண மக்களுக்கும் பயன்படலாயிற்று. நம் நாடும் நாவிக் என்னும் சொந்த அமைப்புக்கென 2013 ஜூலை 1 அன்று முதல் துணைக்கோளை ஏவியது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. துணைக்கோள் சொல்வது, 'நீ நிற்கும் இடம் இது' என்பது மட்டுமே. அவ்விடத்தில் சாலை இருக்கிறதா, அது எங்கே செல்கிறது என்பதை அது அறியாது. அதனைச் சொல்வது கருவியினுள் இருக்கும் வரைபடம். அச்சாலையில் பத்துச் சக்கர லாரி செல்லுமா என்பதை வரைபடமும் அறியாது, யாரேனும் ஒருவர் அங்கே சென்று அளந்து அதில் எழுதி வைத்தாலன்றி. ஆகவே இடம், சாலை, தடை என்னும் மூன்று அறிவும் சேர்ந்ததே லாரிக்கு வழிகாட்டல் ஆகும். முதல் இரண்டும் நம் கைப்பேசியில் இருக்கின்றன. மூன்றாவது பெரும்பாலும் இல்லை. நாகபுரி லாரியை அன்று சிக்கவைத்தது இந்த மூன்றாவது அறிவின் குறையே. கார் ஒன்று அப்பாலத்தின் அடியில் தடையின்றிச் சென்றிருக்கும். வரைபடம் பொய் சொல்லவில்லை. காருக்குரிய உண்மையை லாரிக்குச் சொன்னது.

நெசவாளர் சரக்கும் உழவர் சரக்கும்

நமது சங்கங்களுக்கு இது இரு மடங்கு முக்கியமானது. போர்வைச் சிப்பம் எடை குறைந்தது, இடம் மிகுதியாக அடைப்பது. அதனை ஏற்றிய வண்டி உயர்ந்து நிற்கும். மஞ்சள் மூட்டையோ பலகைக்கு மேலே எழாது; ஆனால் அச்சை அழுத்தும். ஒரே லாரிக்கு ஒரு நடையில் உயரம் பகை, மறு நடையில் எடை பகை. 2018 ஜூலையில் நடுவண் அரசு சுமை வரம்பை உயர்த்தியபோது, ஆறு சக்கர லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், பத்துச் சக்கர லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் ஆயிற்று. வரம்பு உயர்ந்ததே தவிர, கிராமச் சாலையின் பழைய பாலங்கள் அதனால் வலிமை பெற்றுவிடவில்லை.

மேல்நாடுகளில் லாரிக்கென்றே தனியாக வழிகாட்டிக் கருவிகள் செய்கின்றனர். கார்மின், ராண்ட் மெக்னாலி, டாம்டாம் முதலிய நிறுவனங்களின் அத்தகைய கருவிகளில், வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை ஆகியவற்றை முதலில் பதிந்துவிட்டால், அவற்றுக்கு ஒவ்வாத பாலத்தையும் சாலையையும் தவிர்த்து வழி காட்டும். அங்கும் இவை தேவைப்படக் காரணமுண்டு. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில், 11 அடி 8 அங்குல உயரமே விட்டிருந்த ரயில் பாலம் ஒன்று உண்டு. எச்சரிக்கைப் பலகையும் மின்னும் விளக்கும் இருந்தும், லாரிகள் மோதி மேற்கூரை உரிந்துபோவது அங்கே வழக்கமாயிற்று. 2019-இல் பாலத்தை எட்டு அங்குலம் உயர்த்தினர். அதன் பின்னும் மோதல்கள் முற்றிலும் நின்றபாடில்லை. பலகையில் பாலத்தின் உயரம் எழுதியிருந்தாலும், தன் வண்டியின் உயரத்தை அறியாதவருக்கு அதனால் பயனில்லை.

இங்கிலாந்தில் இதற்கு எளிய விதி ஒன்று செய்திருக்கின்றனர். மூன்று மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள லாரியில், அவ்வுயரத்தை ஓட்டுநர் கண்ணிற் படுமாறு அறையினுள்ளே எழுதி வைத்தல் வேண்டும். நம் சங்கங்களும் இதனை நாளையே செய்யலாம். சரக்கேற்றித் தார்ப்பாய் கட்டியபின் ஒரு கழியால் உயரத்தை அளந்து, ஒரு சிலேட்டில் எழுதி ஓட்டுநர் முன் மாட்டுவதற்கு விலைப்புள்ளி கேட்க வேண்டியதில்லை.

தடை என்பது உயரமும் எடையும் மட்டுமன்று, நேரமும் தடையாகும். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர்ப் பக்கம் செல்லும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வனவிலங்குகளைக் காக்கும் பொருட்டு, சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2022 பிப்ரவரி முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. பந்திப்பூர்க் காட்டின் வழியே கோழிக்கோட்டுக்குச் செல்லும் சாலையில், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை செல்லலாகாதென 2009-இலேயே தடை ஏற்பட்டது. ஈரோட்டு ஓட்டுநருக்குத் திம்பம் தெரியும். ஆனால் ஆதிலாபாத்திலும் ஆக்ராவிலும் உள்ள இத்தகைய தடைகள் அவருக்கு எப்படித் தெரியும்? அவ்வூர் ஓட்டுநர் நம் பக்கம் வந்தால் பண்ணாரிச் சோதனைச் சாவடியில் இரவு முழுதும் நிற்பது போலவே, நம்மவர் அங்கே நிற்பார்.

நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் விலையுண்டு. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு வேண்டிய இ-வே பில், 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கிற் செல்லுபடியாகிறது. காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் அதனை நீட்டிக்க இயலும். வழி தவறிச் சுற்றிய வண்டி இதனையும் தவறவிட்டால், அபராதமும் சேர்ந்துகொள்ளும்.

கேட்கவேண்டிய கேள்விகள்

ஆகவே, வழிகாட்டிக் கருவி வாங்க முற்படும் சங்கம், விலைப்புள்ளிக் கடிதத்திலேயே சில கேள்விகளைக் கேட்டல் வேண்டும்.

வண்டியின் உயரம், அகலம், எடை ஆகியவற்றைப் பதிய இடமுண்டா என்பது முதற் கேள்வி. உண்டென்றால், இந்தியச் சாலைகளின் உயரத் தடைகளும் எடைத் தடைகளும் அதன் வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளனவா என்பது இரண்டாவது. இவ்விரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால் முதலாவதால் பயனில்லை. அமெரிக்கச் சாலைகளை அளந்து செய்த கருவியை உறவினர் மூலம் தருவித்து, இந்திய வரைபடத்தை அதில் ஏற்றிவிட்டால், பெட்டி மட்டுமே லாரிக்குரியதாக இருக்கும். உள்ளே இருக்கும் அறிவு காருக்குரியதாகவே இருந்துவிடலாம்.

வரைபடம் கருவியினுள்ளேயே சேமிக்கப்பட்டுள்ளதா, ஆண்டுக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்க வேண்டும். கைப்பேசிக் கோபுரம் இல்லாத காட்டுப் பாதையிலும் துணைக்கோளின் அறிவிப்பு கிடைக்கும்; ஆனால் படத்தை இணையத்திலிருந்து பெறும் கருவி அங்கே வெறும் திரையைக் காட்டி நிற்கும். புறவழிச்சாலைகளும் மேம்பாலங்களும் ஆண்டுதோறும் புதிதாகத் திறக்கப்படும் நம் நாட்டில், மூன்றாண்டுக்கு முந்திய படம் பழைய பஞ்சாங்கமே.

மின்சாரத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். காரின் மின்கலம் 12 வோல்ட். கனரக லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட். காருக்குரிய மின்னூட்டியை லாரியில் செருகிக் கருவியைப் பழுதாக்கியோர் பலர். சித்திரை வெயிலில் முன்கண்ணாடி அருகே வைத்தால் கருவி தாங்குமா, நண்பகலில் திரை கண்ணுக்குத் தெரியுமா, இஞ்சின் இரைச்சலுக்கு மேல் அதன் குரல் கேட்குமா, அக்குரல் தமிழில் பேசுமா என்பனவும் சிறு கேள்விகள் அல்ல. இவற்றை அலுவலக மேசையில் வைத்துச் சோதிக்க இயலாது. ஓடும் வண்டியில், ஓட்டுநரின் இருக்கையில் வைத்தே சோதித்தல் வேண்டும். ஒரு நடைக்குச் சோதனையாகக் கொடுக்க இசையும் வியாபாரியிடம் சற்று அதிக விலை கொடுத்தும் வாங்கலாம்.

கருவியைப் பொருத்தும் இடமும் முக்கியம். கையில் பிடிக்கும் தொடர்புக் கருவிகளை வண்டியோட்டும்போது வழி அறிவதற்கு மட்டுமே, அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் மட்டுமே பயன்படுத்தலாம் என 2020 அக்டோபர் 1 முதல் நடுவண் மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. மடியில் வைத்த கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டே தொப்பூர்க் கணவாயில் இறங்குவது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்லவேண்டியதில்லை. உறுதியான பிடியொன்று வாங்கி, சாலையை மறைக்காத இடத்தில் பொருத்திக் கொடுப்பது சங்கத்தின் கடமை.

சொல்லப்படும் மறுப்புகள்

'எங்கள் ஓட்டுநர்கள் முப்பது ஆண்டுகளாக டெல்லி வரை போய் வருகிறார்கள். அவர்களுக்கு இது எதற்கு?' என்று சில தலைவர்கள் கேட்கின்றனர். அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கருவியைவிட அனுபவமே பெரிது. ஆனால் அனுபவம் சென்ற வழியைத்தான் அறியும். நெடுஞ்சாலை அடைபட்டு வேறு வழி தேடும் இரவில் அனுபவசாலிக்கும் உதவி வேண்டும். நாகபுரிக்குச் சென்ற ஓட்டுநரும் பதினோர் ஆண்டு அனுபவமுள்ளவரே.

'கைப்பேசி எல்லோரிடமும் இருக்கையில் தனிச் செலவு எதற்கு?' என்பது மற்றொரு மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. இந்தியச் சாலைத் தடைகளை நன்கு அறிந்த தனிக் கருவி கிடைக்காதவிடத்து, நல்ல கைப்பேசியோ சிறு டேப்லெட்டோ போதுமானதே. ஆனால் அது சங்கத்தின் செலவில், சங்கத்தின் பொருளாக, வண்டியோடு இருத்தல் வேண்டும். ஓட்டுநர் தம் வீட்டாரோடு பேச வைத்திருக்கும் கைப்பேசியைச் சங்கத்தின் வழிகாட்டியாக்கிவிட்டு, அது தவறு செய்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பது நியாயம் ஆகாது.

கூட்டுறவுக்கு ஏற்ற விடை

சாலையும் பாலமும் கண்ட செய்தியைப் படத்தில் எழுதுவோர் இல்லையென்றால், நாமே ஏன் எழுதலாகாது? 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் வரைபடம், ஒரு கம்பெனி வரைந்ததன்று. பல நாட்டு மக்கள் ஊதியமின்றிக் கூடி வரைந்தது. தாம் கண்ட சாலையையும், பாலத்தின் உயரத்தையும், எடைத் தடையையும் யாரும் அதில் சேர்க்கலாம். ஓஸ்மாண்ட் என்னும் செயலி அப்படத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, இணையமின்றியே வழி காட்டும். அதில் லாரிக்கென ஒரு பிரிவும், வண்டியின் உயரத்தையும் எடையையும் பதிய இடமும் உள்ளன. எழுதப்படாத பாலத்தை அதுவும் அறியாது என்பது மெய்யே. ஆனால் ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். இதனினும் கூட்டுறவுக்கு ஏற்ற வரைபடம் வேறு எது? 1844-இல் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக இருபத்தெட்டுப் பேர் சிறுகாசு சேர்த்துக் கடை திறந்தனர். சேர்ப்பது காசாக இருந்தாலென்ன, வழியறிவாக இருந்தாலென்ன?

கருவி எதுவாயினும், ஒவ்வொரு சங்க லாரியிலும் 'வழிக் குறிப்பேடு' என்று ஒரு நோட்டுப் புத்தகம் இருத்தல் வேண்டும். தாழ்ந்த பாலம் எங்கே, எந்த நகரில் எந்நேரம் லாரி நுழையலாகாது, இரவில் அச்சமின்றி நிறுத்தத் தக்க இடம் எது, எந்தச் சாலை மழையில் உடையும் என்பவற்றை ஒவ்வொரு நடை முடிந்ததும் ஓட்டுநர் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொள்ளலாம். அதற்கு நடையொன்றுக்குச் சிறு ஊக்கத்தொகை கொடுத்தாலும் தகும். மாவட்டத்துச் சங்கங்கள் ஆண்டுக்கொருமுறை அவ்வேடுகளை ஒன்றுசேர்த்துப் படியெடுத்துப் பகிர்ந்துகொள்ளலாம். கருவி வாங்கும் உபகுழுவில் ஓட்டுநர் ஒருவருக்கு இடமளித்து, அவர் சோதித்துச் சரியென்று எழுதிய பின்னரே பணம் கொடுக்கலாம். கொள்முதலுக்கு நாம் வைத்திருக்கும் விதிகள் எவையும் இதனைத் தடுக்கவில்லை.

அந்தக் கோப்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாவது முறை சென்றபோது, முன்னர் எழுதிய குறிப்பு தவறு என்று நானே எழுதி, பிடித்த தொகையைத் திருப்பித் தருமாறு பரிந்துரைத்தேன். நிர்வாகக் குழு இருமுறை விவாதித்து, இறுதியில் ஏற்றுக்கொண்டது. தொகை முழுவதும் திரும்பிற்று. ஆனால் தீர்மானம் நிறைவேறுவதற்கு முன்பே அவர் வேலையை விட்டுவிட்டுத் தனியார் லாரி ஒன்றில் சேர்ந்துவிட்டார். பணத்தை வாங்கிக்கொள்ள ஒரு நாள் வந்தார். வணக்கம் சொல்லிச் சென்றார். பதினோர் ஆண்டுகளில் அவர் கண்ட பாலங்களும் சந்திப்புகளும் நிறுத்துமிடங்களும் அவருடன் சென்றுவிட்டன. சங்கத்தில் எந்த ஏட்டிலும் அவை இல்லை. புதிதாக வந்த ஓட்டுநர் இளைஞர். நாகபுரி வழி அவருக்குப் புதிது. கணினித் திரையில் மட்டும் புள்ளி தவறாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் 'ஜி. பி. எஸ். வாங்குவது பற்றி' என்னும் பொருள் வருமாயின், தலைவர் அவர்கள் விலைப்புள்ளி உறைகளைப் பிரிக்குமுன் ஓட்டுநரை உள்ளே அழைத்து உட்காரவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்கு வரும் என் போன்றோர் அன்றைய தீர்மானத்தில் முதலில் தேடிப் பார்க்கவேண்டியது அவர் கூறிய கருத்தையே.